அட்ஜஸ்ட்

இங்கிலீஷ் வார்த்தைகளில் நாம் முழுக்க நம்முடையதாக்கிக்கொண்டது 'அட்ஜஸ்ட்' என்று தோன்றுகிறது. மயிலாப்பூர் பஸ்ஸில் இருவர் இருக்கையில் மூன்றாமவர் உட்கார, ரங்கநாதன் தெருவில் சில்லறை இல்லாதபோது, தையற்காரர் தோளை இறுக்கித் தைத்துவிட்டபோது, எல்லாவற்றுக்கும் இதுதான். ஆங்கிலத்தில் கண்ணாடியை, கடிகாரத்தை என்று ஏதாவதொன்றைச் சரிசெய்வார்கள்; அல்லது கண் இருட்டுக்குப் பழகும். நாம் சொல்வது 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.' எதை என்று சொல்வதில்லை. அந்தக் 'கொள்' என்ற துணைவினையில்தான் சாமர்த்தியம். எடுத்துக்கொள், வைத்துக்கொள் என்பது போல, பலன் செய்பவனுக்கே என்கிற பாவனை. இடம் கிடைப்பது அவருக்கு, பண்ணிக்கொள்வது நான்.

(மூலம் பிற்கால லத்தீனில் 'அருகே கொண்டுவருதல்.' ஒலியை வைத்து நியாயத்தோடு உறவு கற்பித்தவர்கள் ஐரோப்பாவிலேயே உண்டு.)

'விட்டுக்கொடு' என்றால் விடுகிறவர் ஒருவர், பெறுகிறவர் ஒருவர் என்பது சொல்லிலேயே தெரிகிறது. ஒருவேளை அதனால்தான் அதை முன்பின் தெரியாதவரிடம் கேட்கக் கூசுகிறோம்.

நான் வங்கிக் குமாஸ்தா. எங்கள் அட்ஜஸ்ட்மென்ட் வேறு ரகம். டெபாசிட்டின் பேரில் வாங்கிய கடன் திரும்பாவிட்டால் டெபாசிட்டிலிருந்து சரிக்கட்டுவோம். பற்றும் வரவும் சமம்; தேதி உண்டு, காரணம் உண்டு, பதிந்தவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர். யார் கணக்கில் குறைந்தது என்பதில் சந்தேகமில்லை. வீட்டில் பற்று எழுதப்படுவதில்லை. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு எல்லாரும் இந்தச் சொல்லைக் கொடுத்தனுப்புகிறார்கள். மாப்பிள்ளையிடம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பஸ் இருக்கையைப் பற்றி எனக்கு ஆட்சேபம் கிடையாது. இந்தச் சொல் இல்லாமல் இந்த நகரம் ஒரு நாள் ஓடாது. ஆனால் மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய 2017ல் கேரள அரசு நியமித்து, 2019 டிசம்பரில் அறிக்கை தந்து, அது 2024 ஆகஸ்ட் 19ல்தான் வெளிவந்ததே, நீதிபதி ஹேமா குழு, அது குறிக்கிற இரண்டு சொற்கள்: அட்ஜஸ்ட்மென்ட், காம்ப்ரமைஸ். கோடம்பாக்கத்துக்கும் புதியவை அல்ல. கேட்கப்படுவது உடம்பு. அதை உள்ளபடி சொல்லக் கேட்பவனுக்கே வாய் வராது. பஸ்ஸிலிருந்து இரவல் வாங்கிய இந்த மரியாதையான சொல் வரும். மறுக்கிறவள் ஒரு குற்றத்தை மறுத்தவளாக ஆவதில்லை. அட்ஜஸ்ட் பண்ணத் தெரியாதவள் என்று பெயர் வாங்குகிறாள். அடுத்த கம்பெனிக்கு அவளுக்கு முன்னால் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்துவிடுகிறது.