வளராத வாமனன்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் கொல்லயில் போன்ற சிற்றூர்களில், ஓணம்தோறும் வாமனரின் கதை நினைவுகூரப்படுகிறது. குறுகிய வடிவம் மூவுலகையும் அளந்த கதை அது. உருவத்தில் சிறியவருக்கு ஆறுதல் கூற முற்படுவோர் இதனையே எடுத்துக்காட்டுவர். ஆனால் வாமனர் வளர்ந்தார் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். வளரவே இயலாதவன் என்ன செய்வான்?

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மக்ஸி போக்ஸின் வாழ்க்கை இவ்வினாவுக்கு முகம் கொடுக்கிறது. 1965-ல் பால்டிமோர் நகரில் பிறந்த அவர், அந்நகரின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தார். உயரம் 5 அடி 3 அங்குலம். நம் ஊர்த் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவர் ஆடிய என்.பி.ஏ. தொழில்முறைக் களத்திலோ ஆறரை அடி என்பது சாதாரணம். 1987-ல் வாஷிங்டன் புல்லட்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அதே அணியில் இருந்த மனுட் போலின் உயரம் 7 அடி 7 அங்குலம். மறு ஆண்டே அவ்வணி அவரைத் தக்கவைத்துக்கொள்ளாமல் கைவிட, புதிதாகத் தோன்றிய ஷார்லட் ஹார்னெட்ஸ் அணி எடுத்துக்கொண்டது.

கூடை இருப்பது பத்தடி உயரத்தில். ஆதலால் எல்லோர் பார்வையும் மேல்நோக்கியே இருக்கும். ஆயினும் பந்தைக் கையில் ஏந்தி ஓட விதி இடந்தராது. தரையில் தட்டித் தட்டியே முன்னேற வேண்டும். எத்தனை நெடியவராயினும் அவருடைய பந்து கணந்தோறும் கீழே இறங்கியே தீரும். அங்கே போக்ஸின் கைகள் காத்திருந்தன. அவர் தட்டிச் சென்ற பந்தோ மிகத் தாழ்வாகவே எழும்பியது. பறிப்பதற்கு நெடியவர் குனிவதற்குள் அவர் கடந்துவிடுவார். ஆட்டத்தை வழிநடத்தும் ‘பாயின்ட் கார்டு’ பொறுப்பு அவருக்குப் பொருந்தியதில் வியப்பில்லை.

இதைக் கண்டு, முயன்றால் எவரும் எதையும் அடையலாம் என்று போதிப்பது எளிது. அது உண்மையன்று. அவரைப் போலவே குள்ளமாய்ப் பிறந்து, அவரைப் போலவே உழைத்தும் அக்களத்தை எட்டாதவர் பலர் இருந்திருப்பர். குறுகிய உருவத்தை அவர் கேட்டுப் பெறவில்லை. மின்னல் போன்ற வேகத்தையும் அவ்வாறே கேட்டுப் பெறவில்லை. இரண்டும் வந்து வாய்த்தவை. அவ்வாறாயின் அவருடையது என்று சொல்லத்தக்கது எது? வாய்த்ததை உள்ளபடி கண்ட தெளிவும், அதற்கேற்ற வேலையில் நிலைத்த உறுதியுமே. கீதை சுவதர்மத்தைப் பேசுமிடத்தில், அது குறையுடையதாகவும் இருக்கலாம் என்பதை மறைக்கவில்லை.

1990-ல், ஏழடி உயரமுள்ள பாட்ரிக் யூவிங் எறிய உயர்த்திய பந்தை போக்ஸ் தட்டிவிட்டதை ரசிகர்கள் இன்றும் வியந்து பேசுவர். அது ஒருநாள் வேடிக்கை. பதினான்கு பருவங்களின் கணக்கே சிந்திக்கத்தக்கது. 889 ஆட்டங்களில் அவர் தாமே எடுத்த புள்ளிகள் 6,858. பிறர் கூடையில் இடுமாறு அவர் பந்தைச் சேர்ப்பித்த தடவைகள் 6,726. அவ்வாறு விழும் ஒவ்வொரு கூடைக்கும் குறைந்தது இரண்டு புள்ளிகள். அவை பிறர் பெயரிலேயே எழுதப்படும்.