சுவரில் எழுதியவரை வீதியில் மதிப்போமா?



பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நடக்க வெளியூர்க் கூட்டம் வந்து சேரும் ஊர் நம் திருவண்ணாமலை. வருவோர் காணும்படி நம் கிராம வாழ்வைச் சுவர்களில் அழகாக எழுதிவைக்க ஆசை பிறப்பது இயல்பே. நாற்று நடும் பெண்கள், ஏர் பூட்டிய காளைகள், பொங்கல் பானை, பம்பரம் விடும் சிறுவர், பறை முழக்குபவர்: இத்தகைய சித்திரங்களைக் காண மனம் குளிர்கிறது. குளிரட்டும், தவறில்லை. தலைவர்களுக்கும் சினிமா நட்சத்திரங்களுக்கும் என்றிருந்த சுவரில் உழைப்பாளிக்கும் ஓர் இடம் கிடைத்ததே! சென்னை மாநகராட்சியும் 2010 வாக்கில் அண்ணா சாலையில் சுவரொட்டிகளை அகற்றி, நாட்டுப்புற வாழ்வையும் கலைகளையும் வரையச் செய்தது. வினைல் அச்சு வந்ததும் பிழைப்பை இழந்திருந்த பதாகை ஓவியர்களுக்கு அதனால் வேலையும் கிடைத்தது.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. ஒருவருடைய வாழ்வைச் சுவரில் எழுதிவிட்டால், அவருக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதை தீர்ந்துவிடுமா?

பறை முழக்குபவரையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் அவர் தமிழ்ப் பண்பாட்டின் அடையாளம். பல ஊர்களிலோ சாவு வீட்டுக்கு அவரை ஆள்விட்டு அழைப்பார்கள். திண்ணையில் உட்காரச் சொல்ல மாட்டார்கள். இது பிறர் வீட்டுக் குற்றம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ளவும் வழியில்லை. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்காக ஒரு சுவர் எழுந்ததல்லவா? சுவர் என்றால் அதுவும் சுவர்தான்.

கிராமத்தை விட்டுச் சென்னைக்குப் போகிறேனே என்று எண்ணாதீர்கள். அங்கே ஓர் உதாரணம் உண்டு. நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளை 2000 முதல் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். அந்த விலாசத்தைச் சொன்னால் வேலை கிடைக்காதென்று அஞ்சி, அதை மறைத்தவர்கள் பலர். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையின் முயற்சியால் அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்கள் பெரிய சித்திரங்களால் நிறைந்தன. ஒரு சுவரில் சிறுவர்களின் சிரித்த முகங்கள். வெளியார் பார்க்க வந்தார்கள். தன்னைப் போன்ற ஒரு பிள்ளை மாடி உயரத்தில் சிரிப்பதைக் கண்டு வளரும் குழந்தைக்கு அது சிறிய காரியமன்று. ஆயினும் அக்குழந்தை வளர்ந்து வேலை கேட்டு வரும் நாளில், விலாசத்தைக் கண்டு முகம் சுளிக்கும் முதலாளி மாறியிருக்க வேண்டுமே! அதைத் தூரிகையால் செய்ய முடியாது.

ஆகையால், நம் பக்கத்து ஊர்களில் சுவர் எழுதப் பணம் திரட்டுவோர் முதலில் வரையப்படப் போகிறவரின் வீட்டுக்குப் போகட்டும். திண்ணையில் அமர்ந்து, "ஐயா, உங்களை எப்படி வரையலாம்?" என்று கேட்கட்டும். ஏர் வேண்டாம், டிராக்டரை வரையுங்கள் என்பார் ஒருவர். குனிந்த முதுகு போதும், எங்கள் முகத்தை எழுதுங்கள் என்பார்கள் நடவுப் பெண்கள். பறையடித்தவரோ, "அந்தத் தொழிலை விட்டாயிற்று; என் மகள் நர்ஸ் வேலைக்குப் படிக்கிறாள், அவளை வரையுங்கள்" என்று சொல்லவும் கூடும். அப்போது நாம் மனத்தில் வைத்திருந்த சித்திரத்தின் பழமையழகு சற்றுக் குறையத்தான் செய்யும்.