வைத்த சோறும் ஈந்த சோறும்

சமைத்த உணவை நாளைக்கென எடுத்து வைப்பது முன்யோசனையா, பற்றா என்னும் வினா, அடுக்களையோடு முடிந்துவிடுவதாகத் தோன்றினும், துறவு, ஈகை, உடைமை ஆகியவை பற்றிச் சமயங்கள் கொண்டுள்ள கருத்துகளுக்கு உரைகல்லாக அமைவது. திருகோணமலைக்கு வடக்கே கடலோரமாக நீளும் குச்சவெளிப் பகுதியில் பௌத்தத்தின் பழைய தடயங்களும், சைவரின் வழிபாட்டு மரபும், மக்களுள் பெரும்பான்மையோராகிய முஸ்லிம்களின் வாழ்வும் அருகருகே இருப்பதால், இம்மூன்று சமயங்களும் உணவைக் காத்து வைப்பதற்கு வகுத்த எல்லைகளை ஒப்பிட்டு நோக்க அது ஏற்ற களமாகிறது.

குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவுக்கு உட்பட்ட திரியாயில், குன்றின்மேல் அமைந்த கிரிகண்டி சைத்தியம் என்னும் தூபியை, ஞானம் பெற்றபின் புத்தருக்கு முதன்முதலில் உணவளித்த தபுஸ்ஸர், பல்லிகர் என்னும் இரு வணிகரோடு மரபு தொடர்புபடுத்துகிறது. பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில் ஏறத்தாழ கி.பி. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட அங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டும் அவ்வணிகப் பெயர்களைக் குறிப்பிடுகிறது. பாலி விநய நூலின்படி அவ்விருவரும் அளித்தவை மந்தம் எனப்படும் வறுத்த மாவும், மதுபிண்டிகம் எனப்படும் தேன் சேர்த்துப் பிடித்த மாவுருண்டையும் ஆகும். இவை விருந்துக்கெனச் சமைக்கப்பட்டவை அல்ல. நெடும்பயணத்தில் கெடாதிருக்கும்படி ஆக்கிய வழியுணவு. நாளையை எண்ணிச் சேமித்தவர்கள், நாளைக்கென ஒன்றும் வைத்திராத ஒருவருக்குத் தம் சேமிப்பிலிருந்து கொடுத்ததே பௌத்த மரபு போற்றும் முதல் உணவுக்கொடை என்பதால், சேமிப்பு இல்லையேல் அக்கொடையும் இல்லை என்னும் உண்மை அதனுள்ளேயே அடங்கியிருக்கிறது.

எனினும் பெற்றவரின் வழிவந்த துறவியர்க்கு அவ்வாறு சேமிக்கும் உரிமை இல்லை. புத்தரின் சீடர் ஆனந்தரின் உபாத்தியாயராகிய பேலட்டசீசர் என்னும் முதிய துறவி, பிச்சையாகப் பெற்ற வெறுஞ்சோற்றைக் காயவைத்து எடுத்து வைத்து, வேண்டும்போது நீரில் நனைத்து உண்டு, நெடுநாள் இடைவெளிக்குப் பின்னரே ஊருக்குள் பிச்சைக்குச் சென்றார் என்றும், அதனை முன்னிட்டே முதல் நாள் ஏற்ற உணவை மறுநாள் உண்பது பாசித்தியம், அதாவது சக துறவியிடம் வெளிப்படுத்திக் கழுவாய் தேட வேண்டிய குற்றம், என விதிக்கப்பட்டது என்றும் விநய நூல் கூறுகிறது. இங்கு எழும் சிக்கல் நுட்பமானது. பேலட்டசீசரைத் தூண்டியது பேராசையன்று, குறைந்த தேவையே. ஆயினும் விதி தளரவில்லை. துறவி தன் தேவைக்குத் தானே போதுமானவனாகிவிடின் அவன் ஊருக்குள் வரமாட்டான் என்பதும், அவன் வராவிடின் இல்லறத்தான் கொடுப்பதற்கும் அவனிடம் அறம் கேட்பதற்கும் வாய்ப்பிழப்பான் என்பதும் இவ்விதியின் உட்கருத்தாகக் கொள்ளத்தக்கவை. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகிய ஐந்தையும் நோய்க்கு மருந்தாக 7 நாள் வரை வைத்திருக்கலாம் என்னும் இசைவு, இக்கருத்துக்கு அரண் செய்கிறது. நோயாளிக்கு இரங்கும் நெறி, நோயற்றவன் நாள்தோறும் பிறரைச் சார்ந்திருப்பதையே விரும்புகிறது.

இவ்வெல்லைகள் அனைத்தும் உணவு கெடுவதைத் தடுக்க எழுந்த சுகாதார விதிகளே என வாதிடுவதற்கும் இடமுண்டு. சோறு ஆறும்போது அதன் மாப்பொருள் மீண்டும் இறுகுவதால் பருக்கை விறைக்கிறது; ஆவியில் சூடாக்கினால் இளகுகிறது. ஆனால் சமைக்கும் கொதிநிலையையும் தாங்கிப் பிழைக்கும் பசிலஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள், வெப்பக் காலநிலையில் வெளியே கிடக்கும் சோற்றில் பெருகி நஞ்சை உண்டாக்கினால், அந்நஞ்சு மீண்டும் சூடாக்குவதால் அழிவதில்லை. இது மெய்யாயினும், பேலட்டசீசர் காயவைத்த சோறு எளிதில் கெடாதது என்பதால், கெடுதலைக் கொண்டு மட்டும் அவ்விதியை விளக்கிவிட முடியாது.

சைவ, வைதிக மரபுகளில் இவ்வினா வேறு வடிவம் பெறுகிறது. முந்திய நாள் சமைத்து ஆறிய உணவைப் பர்யுஷிதம் என ஒதுக்கும் தருமநூல்கள், நெய் முதலியன சேர்ந்த பண்டங்களுக்கு விதிவிலக்கு அளிக்கின்றன. ஆனால் எள் கலந்து பிடிக்கும் பிண்டம், அதாவது தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறையினருக்கு இடும் சோற்றுருண்டை, எவ்வகையிலும் வைத்துக்கொள்ளத் தக்கதன்று. படைத்தபின் அது நீருக்கோ காக்கைக்கோ பசுவுக்கோ உரியதாகிறது. இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் ஆற்றியதாகத் தலமரபு கூறும், திருகோணமலையை அடுத்த கன்னியா வெந்நீரூற்றுகளில் மறைந்தோர்க்குரிய கிரியைகளைச் செய்யும் வழக்கமும் மறைந்தோர்க்கு ஈதல் என்னும் இவ்வுணர்வைச் சார்ந்தது. இல்லத்தில் உண்ணும் அதே அரிசியே பிண்டமாகிறது எனினும், திருப்பித் தர இயலாதவர்க்கு ஈந்ததை மீட்டெடுக்கலாகாது என்னும் நெறி அதனைச் சேமிப்பின் எல்லைக்கு அப்பால் நிறுத்திவிடுகிறது.

இஸ்லாமிய மரபோ இவ்வினாவைச் சூழலோடு இணைத்துத் தீர்க்கிறது. உழ்ஹிய்யா எனப்படும் பெருநாள் பலியின் இறைச்சியை 3 நாளுக்கு மேல் வைத்திருக்கலாகாது எனத் தடுத்த நபிகள் நாயகம், அத்தடை வறியோர் பலர் மதீனாவுக்கு வந்து சேர்ந்த ஆண்டுக்குரியது என விளக்கி, பின்னர் உண்ணவும் சேமிக்கவும் தருமம் செய்யவும் இசைந்தார் என ஹதீஸ் நூல்கள் பதிந்துள்ளன. சேமிப்புக்குரிய கால எல்லையை இறைச்சியின் தன்மையன்று, அண்டை வந்த பசியே தீர்மானிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் கூறுதல் அரிது.

ஆயினும் இல்லறத்தார்க்குச் சேமிப்பு தவிர்க்க இயலாதது. வடகீழ்ப் பருவக்காற்றால் கடல் கொந்தளித்துத் தொழில் முடங்கும் மாதங்களை எண்ணி மீனைக் கருவாடாக்கி வைக்கும் குச்சவெளி மீனவரைப் பற்றுள்ளவர் எனப் பழிப்பது பேதைமை. வள்ளுவர் ஈகை அதிகாரத்தில், சேமிப்பைக் கண்டிக்காமல் அதன் இடத்தையே மாற்றுகிறார்: வறியவரின் கடும்பசியைத் தீர்ப்பதே ஒருவன் தான் பெற்ற பொருளை வைத்துக் காக்கும் இடம் என்பது அவர் கருத்து. மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன், எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரத்தைப் பெற்றிருந்தும், உண்பார் எவருமில்லாத மணிபல்லவத்தில் தான் மட்டும் உண்ண மனமின்றி உண்ணாநோன்பால் உயிர் துறக்கிறான். குறைவே இல்லாத இடத்திலும் தனித்துண்ணல் தகாததாயின், சேமிப்பின் குற்றம் பண்டத்தின் அளவில் இல்லை, அது பிறரை விலக்குவதில் உள்ளது என்பது விளங்கும்.

இதிலிருந்து எஞ்சிய உணவை ஈதல் பற்றிய நடைமுறைத் தெளிவொன்றும் பிறக்கிறது. தனக்குத் தரப்பட்டால் முகம் சுளித்தன்றி ஏற்கமாட்டாததைப் பிறர்க்குத் தருமமாகக் கொடுக்கலாகாது எனக் குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் அறிவுறுத்துகிறது. தபுஸ்ஸரும் பல்லிகரும் கொடுத்ததும் தாம் உண்ணவிருந்த உணவையே. எனவே உணவை எடுத்து வைப்பதா என்பதில் சமயங்கள் வேறுபட்டாலும், எடுத்து வைத்தவன் புதியதைப் பசித்தவர்க்கு இட்டுப் பழையதைத் தனக்கு வைத்துக்கொள்ளும்போது அது முன்யோசனையாகவும், புதியதைத் தனக்கு வைத்துப் பழையதைப் பிறர்க்குத் தள்ளும்போது ஈகையின் பெயர் பூண்ட பற்றாகவும் ஆகிறது என்பதில் அவற்றுக்குள் உடன்பாடு காணலாம்.