பால சபையும் வகுப்பறை அரங்கும்: ஓர் அறவியல் நோக்கு

தமிழை இயல், இசை, நாடகம் எனப் பகுத்துப் போற்றிய மரபில் நாடகம் கல்விக்கு அயலானதன்று. ஆயினும் நாடகத்தின் வழியே சிறுவர்க்குக் கற்பிக்கும்போது, நாடகம் சிறுவர்க்காகவா, சிறுவர் நாடகத்துக்காகவா என்னும் வினா எழுகிறது.

சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) ஆசிரியராக விளங்க, 1918இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை இங்கு முதற்கண் நோக்கத்தக்கது. தி.க. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. கம்பெனி வீட்டிலேயே தங்கிய சிறுவர்கள் பாட்டையும் உரையாடலையும் மனனம் செய்தனர். பள்ளிக் கல்வி வாய்க்காத பிள்ளைகள் வெண்பாவையும் விருத்தத்தையும் நாவில் ஏற்றிக்கொண்ட இடம் அது. ஆனால் அக்கல்விக்கு மேடையே அளவுகோல். மகரக்கட்டு உடைந்ததும் பாடும் வேடம் கட்டிய சிறுவனின் இடம் ஆட்டங்கண்டது. குரல் போனபின் அவனுக்குக் கற்பிக்கும் கடப்பாடு எவர்க்கும் இருந்ததாகத் தெரியவில்லை. சண்முகம் போன்றோரின் வெற்றியை மட்டும் கொண்டு பால சபைகளை மதிப்பிடுதல், கரை சேர்ந்தவரைக் கொண்டு ஆற்றின் ஆழத்தைக் கணிப்பது போன்றதாகும்.

பிரித்தானியாவில் டோரதி ஹீத்கோட் (1926–2011) வளர்த்த கல்வி நாடகம் பார்வையாளரையே வேண்டுவதில்லை. ஆசிரியரும் ஒரு வேடம் ஏற்று மாணவரோடு சூழலுக்குள் நுழைகிறார். இம்முறையைத் தமிழுக்கு முற்றிலும் புதியதெனக் கொள்ள வேண்டியதில்லை. தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டில் முதன்மைப் பாடகர் கதை சொல்ல, பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமாம்’ போடுவதோடு நில்லாமல் இடைமறித்து ஐயமும் எழுப்புவார். கேட்பவனுக்கு வினவும் உரிமையைத் தரும் வடிவம் அது.

மும்பையின் தாராவியில் குடியேறிய தமிழருள் பெரும்பகுதியினர் திருநெல்வேலிப் பகுதியினர். ஆதலின் இவ்வடிவம் அங்கு அந்நியமானதன்று. மாட்டுங்கா, செம்பூர்ச் சபாக்களில் சென்னைக் குழுக்களின் நாடகங்களைக் கண்டு களிப்போரின் நாடக அறிமுகம் வேறு. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிச் சிறுவன் வீட்டில் நெல்லைத் தமிழும் தெருவில் இந்தியும் பேசுகிறான். ஆண்டு விழா மேடையிலோ செந்தமிழை மனனம் செய்து ஒப்பிக்க வேண்டியவனாகிறான். பால சபையின் நிழல் இன்னும் விலகவில்லை எனலாம்.

விழிப்புணர்வு நாடகங்களில் சிக்கல் மேலும் கூர்மை பெறுகிறது. குடிகாரத் தந்தையாகவோ குப்பை கொட்டும் தாயாகவோ நடிக்குமாறு குடிசைப் பகுதிச் சிறுவனிடம் சொல்லும்போது, அண்டை வீட்டார் முன்னிலையில் அவனுடைய வீடே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறது. செய்தி நல்லதாயிருப்பது இதற்கு ஈடாகாது. யார்க்கு எவ்வேடம் என்பதை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். தாராவி மறுமேம்பாட்டில் இலவச வீட்டுக்கு 2000 சனவரி 1 என்னும் கெடு நாளுக்கு முற்பட்ட குடியிருப்புச் சான்று கேட்கப்படுகிறது. மாணவன் அதிகாரியாக அமர, ஆசிரியர் சான்றில்லாத குடியிருப்பாளராக வந்து நின்றால், கேள்வி கேட்கும் உரிமை அவன் கைக்கு மாறுகிறது. அதிகாரத்தின் மொழியையும் அவன் உள்ளிருந்தே அறிகிறான். அவன் ஆசிரியரை வெளியேற்றவும் கூடும். அப்போது வகுப்பு அதனைப் பேசித்தான் ஆகவேண்டும். மணி அடித்துவிட்டது என்று எழுந்துவிட இயலாது.