எவரும் அடிபடாத நாளில்



கல்முனை பிரதான வீதியில் பாடசாலை விடும் வேளை. இரு இளைஞர்கள் தனித்தனியே மோட்டார் சைக்கிளில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்வதாக வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு எவரும் குறுக்கே வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று உறங்கிவிட்டார். இரண்டாமவருக்கு முன்னே ஒரு சிறுமி வீதியைக் கடந்தாள், அவள் பிழைக்கவில்லை. இரண்டாமவரைக் கொலைகாரன் என்கிறோம். முதலாமவரை ஒன்றும் சொல்வதில்லை; சிலவேளை, "பொடியன் கெட்டிக்காரன், நல்லா ஓடுவான்" என்று மெச்சவும் செய்கிறோம். இவ்விருவருள் பாவம் செய்தவர் யார்?

இது வெறும் கற்பனை வினா என்று தள்ளிவிட முடியாது. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையில் ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி வாழும் மக்கள். இதுதான் நமது கரையோரம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 நெடுஞ்சாலையே அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்னும் ஊர்களுக்குக் கடைத்தெருவும் ஆகும். தூரதேசத்து லொறியும், நெல் ஏற்றிய உழவு இயந்திரமும், ஜும்மாத் தொழுகைக்குப் போகிறவரும், கோயிலுக்குப் போகிறவரும், பூசைக்குப் போகும் நம்மவரும், ரியூசன் முடிந்து சைக்கிளில் திரும்பும் பிள்ளைகளும் அதே வீதியில்தான். சாரதிக்கு அது நெடுஞ்சாலை. நடப்பவருக்கோ அது தம் வீட்டு வாசல். வீதி காபட் இடப்பட்டு வழவழப்பானதும் வேகமும் சேர்ந்துகொண்டது.

வேகம் என்ன செய்யும் என்பதைக் கணக்கில் பாருங்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆகும். உலர்ந்த வீதி, நல்ல பிரேக் என்றே கொள்வோம். 40 கிலோமீற்றரில் வருபவர் ஏறத்தாழ 20 மீற்றரில் நின்றுவிடுவார். 60இல் வருபவருக்கு 36 மீற்றர் வேண்டும். சிறுமி 25 மீற்றர் தூரத்தில் கால் வைத்தால், முதலாமவர் அவளைத் தொடவே மாட்டார்; மற்றவரோ 45 கிலோமீற்றர் வேகத்தில் அவள்மேல் மோதுவார். இவ்வளவுக்கும் அவர் மிச்சம்பிடித்தது எவ்வளவு? ஆறு கிலோமீற்றர் தூரத்துக்கு மூன்று நிமிடம்!

சட்டம் விளைவைப் பார்க்கிறது. கவனயீனத்தால் மரணம் விளைவித்தவருக்கு நமது தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவின்கீழ் ஐந்து வருடம்வரை சிறை உண்டு. அதே வேகத்தில் எவரையும் இடிக்காமல் போனவர் பொலிசில் அகப்பட்டால் தண்டப்பணம். அகப்படாவிட்டால் அதுவும் இல்லை. 1976ஆம் ஆண்டில் பிரித்தானியரான பேர்னாட் வில்லியம்ஸ், அமெரிக்கரான தோமஸ் நேகல் என்னும் இரு தத்துவ அறிஞர்கள் இதையே வினவினர். நம் கையில் இல்லாத அதிர்ஷ்டம் ஒருவருடைய குற்றத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடுமோ? இருவருமே வாகனம் ஓட்டுபவரை உதாரணம் காட்டினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

சட்டம் அப்படியிருப்பதில் நியாயம் உண்டு. நீதவான் இதயத்தை அளக்க முடியாது. மனச்சான்று அப்படியிருக்கலாமா? 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஐந்தாம் கட்டளையின்கீழ், குடியினாலோ வேகத்தின் மோகத்தினாலோ தமக்கும் பிறருக்கும் ஆபத்தை உண்டாக்குவோர் பாரதூரமான குற்றத்துக்கு ஆளாகின்றனர் என்று போதிக்கிறது. ஆபத்தை உண்டாக்குவோர் என்றுதான் சொல்கிறது, கொல்வோர் என்றல்ல. ஆகவே வீட்டுக்குப் போய் உறங்கியவரும் கணக்குக் கொடுக்கவேண்டியவரே. பாவசங்கீர்த்தனத் தொட்டியில், "சுவாமி, நான் பாடசாலைக்கு முன்னால் வேகமாக ஓடினேன்" என்று யாராவது சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகந்தான்.

பழி முழுவதையும் சாரதிமேல் சுமத்திவிட்டு நாம் தப்பவும் முடியாது. சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997இல் ஒரு கொள்கையை ஏற்றது. மனிதன் தவறுவான், அவன் தவறு ஓர் உயிரை விலையாகக் கேட்காதபடி வீதியை அமைப்பது அமைப்போரின் கடமை என்பதே அது. நமது ஊர்களில் நடைபாதையில் கடைச் சாமான்கள், அவற்றின் முன்னே மோட்டார் சைக்கிள்கள். நடப்பவர் தார் வீதியில் இறங்காமல் என்ன செய்வார்? திருவிழா நாட்களில் நமது ஆலய வாசலும் இதற்கு விதிவிலக்கல்ல. சாமானை வெளியே அடுக்கிய முதலாளி ஒருநாளும் வாகனம் ஓட்டாதவராய் இருக்கலாம். அந்தச் சிறுமியின் மரணத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. மழையில் அழிந்த மஞ்சள் கடவைக்கு மறுபடி வர்ணம் பூசாதவர்களுக்கும் உண்டு.

இந்தப் பங்குகளை நாம் மறந்துவிடுவதால், விபத்து நடந்தவுடன் கோபம் முழுவதும் ஒரே ஆளின்மேல் பாய்கிறது. அடிபட்டவர் ஒரு சமூகம், ஓட்டியவர் மறு சமூகம் என்றால், தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இவ்வூர்களில் பேச்சு எந்தத் திசையில் போகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வேகத்தோடு ஓடுகிற பொடியன்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். அவர்களைத் தகப்பனும் மாமாவும் கண்டிக்கவேண்டிய நாள் எவரும் அடிபடாத நாள். அன்று கோபிப்பதற்கு எவருக்கும் மனம் வருவதில்லை.

பிழையே செய்யாமல் ஓர் உயிரைப் பறிக்க நேர்ந்த சாரதியும் உண்டு. "உன் பிழை இல்லை" என்று அவரைத் தேற்றுகிறோம், தேற்றத்தான் வேண்டும். ஆனால் அவர் உடனே தேறி, மறுநாளே சிரித்துப் பேசினால் நமக்கே ஒரு மாதிரி இருக்கும். வில்லியம்ஸ் இதையும் கண்டு எழுதினார். தன் கையால் நடந்தது என்பதற்காக வருந்துகிற அந்த இதயம் நல்ல இதயந்தான்.

ஓட்டுகிறவர்களைப் பற்றி இவ்வளவும் சொன்னோம். நம்மில் பலர் ஓட்டுவதில்லை, பஸ்ஸில் போகிறவர்கள். இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று முந்தி ஓடும்போது, "மெதுவாப் போங்க தம்பி" என்று சாரதியிடம் ஒருவர் சொன்னால், பின் ஆசனத்திலிருந்து முறைக்கிறவர்களும் நாமே. தரிப்பிடத்தில் நிற்கையில், மட்டக்களப்புக்கு எது முந்திப் போய்ச் சேரும் என்று விசாரித்துத்தானே ஏறுகிறோம்.