பிடித்து வைத்த பிள்ளையார்



தீபாவளிக்கு ஏதேனும் செய்துவரும்படி பாடசாலையில் கேட்டால், "எனக்குக் கீறத் தெரியாது" என்று பிள்ளை ஒதுங்கும். வேலையால் களைத்து வரும் நமக்கோ, தூரிகையை வாங்கி நாமே முடித்துக் கொடுக்கத் தோன்றும்.

மூலவரைச் சிற்பி சாத்திர அளவுப்படி கருங்கல்லில் செதுக்குகிறார். பூசையின் தொடக்கத்தில் நாம் வைக்கும் பிள்ளையாருக்கோ அளவில்லை. கண்ணும் துதிக்கையும்கூட இல்லை. மஞ்சளைக் குழைத்து, விரல்களால் பிடித்து, அறுகம்புல் சாத்தினால் போதும். 1981 முதல் விம்பிள்டனில் கோயில் கொண்டருளும் கணபதியும், அந்தப் பிடி மஞ்சளில் எழுந்தருள்பவரும் ஒருவரே.

ஆகவே களியோ வர்ணமோ, குழைத்துக் கொடுத்துப் பக்கத்தில் இருப்பது நம் கடமை. பிடிப்பது பிள்ளையின் கையாகட்டும். கோணலாக வந்தாலும் திருத்தாமல் அனுப்புவோம். "தெரியாது" என்ற வாய் "நான் செய்தது" என்று சொல்ல விநாயகப் பெருமான் அருள்பாலிப்பாராக.