அறவுணர்வும் பரிணாமக் கொள்கையும்

மக்கள்பால் விளங்கும் அறவுணர்வு யாண்டிருந்து வந்தது? விலங்குகளின் இயல்பூக்கங்களே நாளடைவில் விரிந்து அறமாயின என்பர் ஒருசாரார். அங்ஙனமாயின் அறத்திற்கு வலியில்லையாய் முடியுமென்று அஞ்சுவர் மற்றொருசாரார். இவ்விருவர் கூற்றையும் நடுநின்று ஆராய்வாம். ஈண்டுப் பரிணாமமென்றது, நம் நூல்களிற் பால் தயிராதல்போல் வைத்துரைக்கப்படும் திரிபையன்று; உயிரினங்கள் தலைமுறைதோறும் சிறிது சிறிதாக வேறுபடுதலையும், அவ்வேறுபாடுகளுள் வாழ்தற்கும் வழிபெருகுதற்கும் உதவுவன நிலைபெறுதலையும் என்க.

முதற்கண் அக்கொள்கையினர் கூறுவனவற்றைக் குறைவறக் கூறுதல் முறையாம். டார்வின் என்பார் 1871-இல் வெளியிட்ட நூலில், கூட்டமாய் வாழும் இயல்பூக்கமுடைய எவ்விலங்கும், அதன் அறிவு மனிதனறிவுபோல் வளர்ந்துழி மனச்சான்றையும் பெறுமென்றார். வேலைக்காரத் தேனீ தான் ஈனாது தாய் ஈன்றவற்றைப் பேணுவது எற்றுக்கு என்பதனை விளக்கும் நெறியை 1964-இல் ஹாமில்டன் வகுத்தார். ஓருயிரின் மரபணுக்கள் அதன் உடன்பிறப்பினிடத்தும் உளவாதலின், சுற்றத்தைக் காத்தல் அம்மரபையே காத்தலாம் என்பது அவர் கருத்து. சுற்றமல்லாதார்க்கு உதவுதலை 1971-இல் டிரிவர்ஸ் விளக்கினார்: இன்று உதவியது நாளை உதவிபெறுமாயின் இரண்டற்கும் ஊதியமாம். குருதியுண்ணும் வௌவால் இரண்டு மூன்று இரவு இரைபெறாவிடின் இறந்துபடும். இரைபெற்ற வௌவால், பெறாததற்குத் தான் உண்டதனைக் கக்கியூட்டும். இதனைக் கோஸ்தாரிகா நாட்டில் ஆராய்ந்த வில்கின்சன் 1984-இல் வெளியிட்டார். இவை கண்டு கூறியனவாதலின் மறுத்தல் வேண்டா. காட்சியளவையை மறுத்து அறத்தை நிலைநாட்டப் புகுதல், கண்ணைக் குத்திக்கொண்டு வழிதேடுதலை ஒக்கும்.

அற்றேல் வினா முடிந்ததோவெனின், முடிந்திலது. ஒன்றன் தோற்றம் வேறு. அதன் மெய்ம்மை வேறு. எண்ணும் ஆற்றல் பரிணாமத்தான் அமைந்ததென்று கொள்வாம். அதனால் ஏழும் ஐந்தும் பன்னிரண்டாதல் ஐயப்பாடாகுமோ? ஆகாது.

ஈண்டொரு தடை நிகழும். எண்ணிற் பிழைத்த உயிர் கெடும். அறமோ, மெய்யாயினும் பொய்யாயினும், அதனை மெய்யென்று நம்பினாலே குலம் பிழைக்கும். ஆகலின் உவமை பொருந்தாதென்பர். மனிதர் தேனீக்களின் நிலையில் வளர்வராயின், மணமாகாப் பெண்டிர் உடன்பிறந்த ஆண்மக்களைக் கொல்லுதலையே புனிதக் கடமையெனக் கொள்வர் என்று டார்வினும் எழுதினார். இத்தடை வலியதே. ஆயினும், ‘சான்றின்றி எதனையும் நம்புதல் தகாது’ என்னும் விதியைக்கொண்டன்றோ தடைசெய்வார் அறத்தை ஐயுறுகின்றார்? அவ்விதியும் ‘இது தகும், இது தகாது’ என்னும் உணர்வின்பாற்பட்டது. தகுதியுணர்வெல்லாம் பிழைப்பிற்கு வந்த வெறுந்தோற்றமேயெனின், அவர் தடையும் தான் நிற்கும் கிளையைத் தானே வெட்டி வீழும்.

இன்னும், இயல்பூக்கங்கள் தம்முள் மாறுபடும். தன் மகனைக் காக்கவென்று ஓரூக்கம் உந்தும். அவன் பிறர்க்குத் தீங்கு செய்தவழி நடுவுநிலை நிற்கவென்று மற்றொன்று உந்தும். இவற்றுள் எதனைக் கொள்வதென்று நிறுப்பது இவ்விரண்டின் வேறாகிய அறிவேயாம். வௌவால் ஊட்டும், ஊட்டுதல் தகுமோவென்று வினாவியதாகக் கண்டாரிலர். டார்வினுக்குத் துணைநின்ற ஹக்ஸ்லி, 1893-இல் ஆக்ஸ்போர்டிற் செய்த விரிவுரையில், இயற்கைப் போரைப் பின்பற்றுதலன்று, அதனை எதிர்த்து நிற்றலே அறவளர்ச்சியென்று கூறியதும் ஈண்டு நோக்கத்தக்கது.

யாம் ஆசிரியத் தொழிலில் இருந்தகாலை மாணாக்கரொருவர், “ஐய, இரக்கம் மரபணுவின் சூழ்ச்சியெனின், சுற்றமுமல்லாது கைம்மாறும் செய்யவியலாத நோயாளரைப் பேணுதல் அறியாமையன்றோ?” என வினவினார். அக்காலத்து அவர்தாம் தம் தெருவில் ஆதரவற்றுக் கிடந்த முதியவரொருவர்க்கு நாடோறும் கஞ்சி ஊட்டிவந்தார். அன்று யாம் தக்க விடை கூறினேமல்லேம். அவரோ வினாவையும் விட்டாரல்லர், கஞ்சிக்கலத்தையும் விட்டாரல்லர். இன்று எண்ணுங்கால், விடை அவர் கையிலேயே இருந்ததென்று தோன்றுகின்றது.

குடத்திற்கு மண்ணும் திகிரியும் வேண்டும், குயவனும் வேண்டும். இயல்பூக்கம் மண்; நெடுங்காலமும் சூழலும் திகிரி. இவ்விரண்டனையும் பரிணாமக் கொள்கை நன்கு விளக்குகின்றது. அதற்கு நன்றி பாராட்டுவாம். எதனை வனைதல் தகுமென்று தேர்ந்து வனையும் அறிவுடைப் பொருளை அது விளக்கிற்றன்று. அவ்வறிவிற்கு அறிவாய் நின்று உணர்த்துவது யாதென்பது வேறோர் ஆராய்ச்சி. நம் இரக்கம் எவ்வழி வந்ததாயினும், வந்த இரக்கத்தை யார்மாட்டுச் செலுத்துவது என்பது நம் பொறுப்பேயாம்.